ஆர்வலர் கையில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

பிழைப்புக்காக அன்றி, விருப்பத்தால் மட்டுமே படம் எடுப்பவர்களைப் பற்றியும், அவர்கள் கூடும் கேமரா கிளப்புகளைப் பற்றியும் கேட்டு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன், விடுமுறை நாள்களில் படம் எடுக்கிறேன். எங்கள் நகரத்துக் கேமரா கிளப்பில் சேர விண்ணப்பம் வாங்கினேன். ‘உங்கள் பின்னணி’, ‘உங்கள் மீது தாக்கம் செலுத்தியவர்கள்’ என்று அதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. புகைப்படக் கலையை எங்கும் முறையாகப் படிக்காத நான் அவற்றில் என்ன எழுதுவது? – வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் வேலையை எழுதுங்கள். கடன் கேட்டு வந்தவர் கவுண்டருக்கு முன்னால் எப்படி நிற்பார், கைநாட்டு வைக்கும்போது அந்த விரல் எப்படித் தயங்கும், பணத்தை எண்ணி மடியில் முடிந்த பிறகு முகம் எப்படித் தளரும் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் நீங்கள். மனிதர்களைப் படம் எடுப்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை எந்தப் பள்ளியும் தரப்போவதில்லை. நல்ல கிளப்புகள் பின்னணியைக் கேட்பது தகுதியை எடைபோடுவதற்காக அன்று. புதிதாக வருபவர் எந்த உலகத்தை அறிந்தவர், அவரிடமிருந்து மற்றவர்கள் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று அறிவதற்காகவே.

தாக்கம் என்ற கட்டத்தில் பெரிய பெயர்களை அடுக்க வேண்டாம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸோனின் படங்களோடு நீங்கள் உண்மையாகவே பல மாலைகளைக் கழித்திருந்தால் அவர் பெயரை எழுதுங்கள். இல்லையென்றால், உங்கள் ஊர்த் திருவிழாவைப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரோ, கோலம் போடும்போது புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கண்ணாலேயே அளந்த அத்தையோ உங்கள் பார்வையை உருவாக்கியிருக்கக் கூடும். அதை எழுதுவதே நேர்மை. படிப்பவருக்கும் அதுவே பயன்படும்.

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொழுது போகட்டும் என்று மகள் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இந்த வயதில் தொடங்கி இதில் எங்கே போய்ச் சேர முடியும்? – வாசகி, நாகர்கோவில்

பதில்: ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணிக்கு 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் கொடுத்த பரிசு ஒரு கேமரா. அப்போது அவருக்கு வயது 48. தனிமையில் பொழுதைக் கழிக்க உதவும் என்றுதான் அவர்களும் அதைக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் 1815இல் பிறந்த அவர் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்துகொண்டிருந்தார். வீட்டின் நிலக்கரிக் கிடங்கை இருட்டறையாகவும், கண்ணாடி வேய்ந்த கோழிக் கொட்டிலைப் படப்பிடிப்பு அறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டின் மீது மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படத்தையும் எடுத்து, உருவத்தையும் வெளிக்கொண்டுவர வேண்டியிருந்த காலம் அது. கவிஞர் டென்னிசனையும் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலையும் உட்கார வைத்த அதே நாற்காலியில், தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரையும் உட்கார வைத்து, அதே மரியாதையோடு படம் எடுத்தார். புகைப்படம் என்ற புதுமை பற்றி அதன் தொடக்க நாள்களிலேயே அவரிடம் பேசியவர் ஹெர்ஷல். அந்த நட்புதான் அவர் பெற்ற கல்வி.

1864இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் அவர் உறுப்பினராகச் சேர்ந்தார். படங்கள் தெளிவாக இல்லை, தகடுகளில் கறை தெரிகிறது என்று அந்த வட்டாரத்துப் பத்திரிகைகள் குறை கூறின. கேமரன் உறுப்பினராகவும் இருந்தார், தம் விருப்பம் போலவே தொடர்ந்து படமும் எடுத்தார். உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பது ஒன்று, அதற்குக் கட்டுப்படுவது வேறொன்று என்ற பாடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்த பிறகும், உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879இல் அங்கேயே காலமானார். அவர் கேமராவோடு வாழ்ந்த காலம் பதினைந்து ஆண்டுகள்தாம். உங்களுக்கு அதைவிட நெடுங்காலம் வாய்க்கட்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் கேமரா கிளப் என்ற வழக்கம் எப்போது தொடங்கியது? – வாசகர், சென்னை–4

பதில்: நீங்கள் இருக்கும் ஊரில்தான் தொடங்கியது. சென்னைப் புகைப்படச் சங்கம் தன் தோற்றத்தை 1857ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்குச் சற்று முன்னரே இத்தகைய சங்கங்கள் ஏற்பட்டிருந்தன. சென்னையில் இதற்கு முன்கை எடுத்தவர்களுள் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஹன்டர். அறுவை மருத்துவரான அவர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.

இந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது லினியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இங்கிலாந்துக்கு விடுப்பில் சென்றிருந்தபோது படம் எடுக்கக் கற்றுக்கொண்ட டிரைப், 1853இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றிய ஆண்டிலேயே அதில் உறுப்பினரானார். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைத் தம் சொந்த ஆர்வத்தில் படம் எடுத்து, அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார். அந்தப் படங்கள் பெற்ற பாராட்டுக்குப் பிறகே அரசு அவரைக் கவனித்தது. பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவோடு அனுப்பப்பட்ட அவர், திரும்பிய பின் 1856இல் சென்னை மாகாணத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் மேற்கொண்ட பயணத்தின் படங்கள் 1858இல் வெளிவந்தன. மெழுகு ஏற்றிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்ற ஒருவர், வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சுவரின் முன்னால் அத்தனை முறை கேமராவை நகர்த்தி நிறுத்தியிருக்கிறார் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. செலவு மிகுதி என்று கூறி அரசு 1860இல் அந்தப் பணியை முடித்துவைத்தது. சென்னைப் புகைப்படச் சங்கம் இன்றும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் நாட்டு லயனல் வென்ட் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேள்விப்படுகிறேன். அவர் பெயரில் அரங்கு ஒன்று உள்ளது. ஆனால் அவர் யாரிடம் ஒளிப்படக் கலையைக் கற்றார், எவற்றால் தூண்டப்பட்டார் என்று சொல்வார் இல்லை. விளக்குவீர்களா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இக்கேள்விக்கு மட்டும் இடத்தைச் சற்றுத் தாராளமாக எடுத்துக்கொள்கிறேன். ஆசியாவில் ஓர் ஆர்வலர் எவ்வளவு உயரம் போக முடியும் என்று காட்டியவர் வென்ட். அவரை ஓர் அரங்கின் பெயராக மட்டும் அறிந்திருப்பது பெரிய இழப்பு.

1900 டிசம்பரில் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஹென்றி லோரன்ஸ் வென்ட் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்த பின் மகன் சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் இன்னர் டெம்பிளில் சட்டமும் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பியானோவும் ஒருங்கே பயின்றார். 1924இல் பாரிஸ்டராகத் திரும்பினாலும் நீதிமன்றத்தில் அவர் மனம் நிலைக்கவில்லை. பியானோவே அவருடைய வாழ்க்கை ஆயிற்று. அக்காலக் கொழும்புக்குப் புதியதாக இருந்த ஐரோப்பிய இசையை வாசித்துக் காட்டினார், ஓவியர்களை ஆதரித்தார், கண்டி நடனக் கலைஞர்களுக்குத் துணை நின்றார். 1929இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்பில் இருந்த பாப்லோ நெரூடாவும் அவருடைய நட்பு வட்டத்தில் இருந்தார். வெளிநாட்டில் புதிதாக வந்த நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் கொழும்பில் முதல் வாசல் வென்டின் வீடுதான்.

முப்பது வயதைக் கடந்த பிறகுதான் அவர் முழு மூச்சாகக் கேமராவைக் கையில் எடுத்தார். முதலில் ரோலிஃப்ளெக்ஸ், பின்னர் லைக்கா. யாரிடம் கற்றார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குருவின் பெயரைச் சொல்வதைவிட அவர் எதையெல்லாம் பார்த்தார் என்று சொல்வதே பொருத்தம். பாரிசில் மேன் ரே என்ற புகைப்படக் கலைஞர் செய்துகொண்டிருந்த சோதனைகள் அவரைக் கவர்ந்தன. அவற்றுள் ஒன்று சோலரைசேஷன் என்ற முறை. டெவலப்பர் கரைசலில் உருவம் பாதி தோன்றியிருக்கும் நிலையில் நெகட்டிவுக்கோ படத்தாளுக்கோ சிறிது நேரம் வெளிச்சத்தைக் காட்டினால், சில பகுதிகளில் கருமையும் வெண்மையும் இடம் மாறிக்கொள்ளும். உருவத்தின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் வரைந்தது போன்ற கோடு ஒன்று தோன்றும். வெளிச்சத்தை ஒரு நொடி கூட்டினாலும் குறைத்தாலும் படம் பாழாகிவிடும் இந்த முறையில் வென்ட் மிகுந்த தேர்ச்சி பெற்றார். ஒன்றன் மேல் ஒன்றாகப் படங்களைப் பதிப்பது, வெட்டி ஒட்டி இணைப்பது ஆகியவற்றையும் செய்து பார்த்தார்.

அந்தச் சோதனைகளைவிட, நேரடியாக எடுக்கப்பட்ட அவருடைய படங்களே என்னை அதிகம் ஆட்கொள்கின்றன. மீனவர்கள், வயலில் வேலை செய்பவர்கள், பொலன்னறுவையின் இடிபாடுகள், கடற்கரை வெளிச்சம், இளைஞர்களின் உடல்கள் என்று எதை எடுத்தாலும், கருமைக்குள் எத்தனை படிகள் உள்ளன என்பதை அவர் அறிந்திருந்தார். பியானோ வாசிப்பவர் தாழ்ந்த ஸ்வரத்துக்கும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விரல் நுனியில் உணர்வதைப் போல அவர் நிழலைக் கையாண்டார் என்பது என் கருத்து. ஆங்கிலேயர்கள் அந்நாட்டில் எடுத்த படங்களில் உழைக்கும் மக்கள் பெரும்பாலும் ஒரு வகைக்கு மாதிரியாகவே நிற்பார்கள். வென்டின் படங்களில் அவர்கள் தத்தம் முகத்தோடும் அழகோடும் இருக்கிறார்கள்.

இனி அவருடைய கிளப் வாழ்க்கை. 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கம் உருவாக முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பேசில் ரைட் என்ற இயக்குநர் ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை எடுக்க வந்தபோது அவருக்கு நாட்டைக் காட்டியவரும், படத்தில் ஒலிக்கும் குரலுக்கு உரியவரும் வென்டே. 1938இல் லண்டன் கேமரா கிளப்பில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஓவியர்களின் ‘43 குழு’ 1943இல் உருவானபோது, அதைக் கூட்டியவர்களுள் முதன்மையானவர் அவர். ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலிய ஓவியர்களை ஒன்றுசேர்த்தது அந்தக் குழு. கிளப்பில் பெறுவதற்காகச் சேர்பவர் உண்டு, கொடுப்பதற்காகச் சேர்பவரும் உண்டு. தாம் பார்த்த புதுமைகளையெல்லாம் உடனே பிறருக்குக் காட்டிவிட வேண்டும் என்று துடித்த வென்ட் இரண்டாம் வகையினர்.

44ஆம் பிறந்த நாள் கடந்த சில நாள்களில், 1944 டிசம்பரில் அவர் மறைந்தார். நெகட்டிவ்கள் அதன் பின் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் பதித்த படத்தாள்களும், நண்பர்களின் முயற்சியால் 1950இல் வெளிவந்த ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ என்ற நூலுமே எஞ்சின. நீங்கள் குறிப்பிடும் அரங்கு 1950களில் அவருடைய வீடு இருந்த இடத்திலேயே எழுப்பப்பட்டது. அடுத்த முறை அங்கே நாடகம் பார்க்கச் செல்லும்போது, திரை விலகுவதற்கு முன் அவருடைய படங்கள் எங்கே மாட்டப்பட்டுள்ளன என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் சேரப்போகிறேன். காட்டு விலங்குகளைப் படம் எடுக்க ஆசை. இதற்காகப் புகைப்படப் படிப்பில் சேரலாமா, அல்லது வேறு ஏதேனும் படித்துக்கொண்டே பழகலாமா? – மாணவர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மாவட்டத்தில் பிறந்த ஒருவரே இதற்கு விடை. மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை நாவலாசிரியர் அ. மாதவையா, அவருக்கு எட்டு மக்களுள் இளையவர் இவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் சுற்றினார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். பிறகு பல வேலைகள் பார்த்தார். 1942 முதல், இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலர் என்று வெவ்வேறு பொறுப்புகளில் இருந்தார். சமஸ்தானம் மறைந்த பின் 1950இல் தொடங்கி, 1996இல் தாம் இறக்கும் வரை, ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றிய பத்தியை இடைவிடாமல் எழுதினார். அந்தப் பத்திக்குப் படங்களையும் சித்திரங்களையும் தாமே அளித்தார்.

அவருடைய பின்னணியைச் சற்றுக் கவனியுங்கள். செடியை அறிந்த கண், தூரிகை பழகிய கை, மொழியில் தோய்ந்த வீடு: இவை மூன்றும் அமைந்த பிறகே கேமரா வந்தது. யானை எந்தப் புல்லை எந்த மாதத்தில் தேடி வரும் என்று தெரிந்தவருக்கு, எங்கே காத்திருக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. கருப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். அவருடைய கேமராவும் கடையில் வாங்கியபடி இருந்ததில்லை. ஒரு கம்பெனியின் உடல், மற்றொரு கம்பெனியின் லென்ஸ் என்று தாமே பொருத்தி உருவாக்கிய கனத்த கருவி அது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அந்தச் சுமையோடு வளர்ப்பு யானையின் மீதேறியும் காட்டுக்குள் சென்று எடுத்த படங்கள், விலங்குகள் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லும் சான்றுகளாக இன்றும் மதிக்கப்படுகின்றன. 1968இல் தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுக்காக ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையும், 1970இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன.

ஒரு மூத்தவரின் வழிகாட்டல் வேண்டுமென்றால் அதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. 1932இல் தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், அங்கே ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த ஆர்வலரோடு பழகிக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தாமே பல இளைஞர்களுக்கு ஆசானாகவும் விளங்கினார். ஆகவே தாவரவியலோ விலங்கியலோ படியுங்கள். ஞாயிறுதோறும் குளக்கரைக்குப் போங்கள். நல்ல கிளப் ஒன்றில் உங்களைவிட இருபது வயது மூத்தவரோடு பழகுங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் பறவையை மட்டும் படத்துக்காகத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேள்வி: போடிநாயக்கனூர் அருகே சிற்றூரில் இருக்கிறேன். குழந்தைகளும் வீடும் இருக்கையில், மதுரைக்குப் போய்க் கிளப் கூட்டத்தில் கலந்துகொள்ள வழியில்லை. என்னைப் போன்ற பெண்கள் தனியாகவே பழகிக்கொள்ள வேண்டியதுதானா? – வாசகி, தேனி மாவட்டம்

பதில்: தனியாகப் பழக வேண்டிய தேவையில்லை. காசிக்கு அருகிலுள்ள ராம்நகரில் வளர்ந்த இரட்டைச் சகோதரிகள் தேபலீனா, மனோபீனா ஆகிய இருவரும் 1919இல் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு வயதானபோது, தாமும் புகைப்பட ஆர்வலரான தந்தை ஆளுக்கொரு கேமராவை வாங்கிக் கொடுத்து, இருட்டறை வேலையையும் கற்றுக்கொடுத்தார். தெருவில் பெண்கள் கேமராவோடு நடமாட முடியாத அந்தக் காலத்தில், அவர்கள் வீட்டையும், தோழியரையும், ஒருவரை ஒருவரும் படம் எடுத்தார்கள். 1930களில் அவர்கள் உறுப்பினராக இருந்த கிளப்புக்குக் கட்டடம் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஐக்கிய மாகாண அஞ்சல்வழிப் படச் சுற்று என்ற அந்த அமைப்பு முழுவதும் தபாலில்தான் இயங்கியது. மனோபீனா பின்னாளில் திரைப்பட இயக்குநர் பிமல் ராயை மணந்தார். சகோதரிகள் இருவரும் குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும் கேமராவைக் கைவிடவில்லை.

அஞ்சல்வழிச் சுற்று எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். உறுப்பினர்கள் எல்லாருடைய படமும் ஒவ்வொன்றாக ஒரே உறையில் இருக்கும். உறை ஒருவர் வீட்டுக்கு வந்ததும் அவர் எல்லாப் படங்களையும் பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் தம் கருத்தைக் கூடவே வரும் தாளில் எழுதுவார். சென்ற முறை தாம் வைத்த படத்தையும் அதன் மீது மற்றவர்கள் எழுதியவற்றையும் எடுத்துக்கொண்டு, புதிய படம் ஒன்றை வைத்து, அடுத்த முகவரிக்கு அனுப்பிவிடுவார். நேரில் முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவதையும் எழுத்தில் சொல்ல முடியும். எழுத உட்காரும்போது ஒரு படத்தை இரண்டு நிமிடமாவது பார்த்தாக வேண்டும். கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

இதை இன்றும் நடத்தலாம். உங்களைப் போன்ற ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில் படத்தை அச்சிட்டு, அட்டை வைத்துத் தபாலில் அனுப்புங்கள். “அருமை”, “சூப்பர்” என்ற சொற்களுக்கு இடமில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். படத்தில் என் கண் முதலில் எங்கே சென்றது, பிறகு எங்கே சென்றது, எந்த இடத்தில் தடுமாறியது என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும். குழந்தை தூங்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. எடுப்பதற்குப் பொருள் கிடைக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். ஏலக்காய் மணக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். காய் பொறுக்கும் பெண்களின் முகங்களை உங்களைப் போல நெருங்கி எடுக்க, நகரத்திலிருந்து வரும் எந்த ஆணாலும் முடியாது.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த படத்தில் வானத்தை மாற்றுவது ஏமாற்று அல்லவா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மேலே குறிப்பிட்ட டிரைப்பின் காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்கே அதிகம் இணங்கியது, ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. அதனால் அவர் நெகட்டிவில் தூரிகையால் மேகத்தைத் தீட்டினார். ஆக, இந்தப் பழக்கம் பழையது. நீங்கள் அந்தப் படத்தை என்னவென்று சொல்லிக் காட்டுகிறீர்கள் என்பதே கேள்வி. போட்டிகளில் இயற்கைப் பிரிவுக்கும் செய்திப் பிரிவுக்கும் அனுப்பும் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது விதி. பொதுப் பிரிவில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கும். விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் கிளப்பில் சேர்ந்து நாளாகிறது. மாதப் போட்டிகளில் என் படங்களுக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. ஒரே மாதிரியான படங்களே பரிசு பெறுகின்றன. மூத்தவர்கள் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளும் பட்டங்களைத் தேடி ஓடுகிறார்கள். விலகிவிடலாமா? – வாசகர், மதுரை

பதில்: முதலில் பட்டங்களைப் பற்றி. இங்கிலாந்தின் ராயல் புகைப்படச் சங்கம் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்று மூன்று படிகளை வைத்திருக்கிறது. முதல் படிக்குப் பத்துப் படங்கள், இரண்டாவதற்குப் பதினைந்து, மூன்றாவதற்கு இருபது அல்லது இருபத்தொன்று என்று ஒரு தொகுப்பாக அளிக்க வேண்டும். 1950இல் தோன்றிய ஃபியாப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் முறை வேறு; பல நாடுகளில் அதன் ஆதரவில் நடக்கும் சலோன் என்ற கண்காட்சிப் போட்டிகளில் உங்கள் படங்கள் எத்தனை முறை ஏற்கப்பட்டன என்ற கணக்கே தொடக்கப் பட்டங்களுக்கு அடிப்படை. இரண்டுள் முதலாவதை நான் அதிகம் மதிக்கிறேன். இருபது படங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே எண்ணத்தைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம், எதை விட வேண்டும் என்று சிந்திக்க வைக்கிறது. சலோன் கணக்கோ, நடுவர் சில நொடிகளே பார்க்கும் திரையில் உடனே கண்ணைப் பறிக்கும் படத்தையே எடுக்கத் தூண்டுகிறது. புகை நடுவே வரும் ஒளிக்கற்றை, சொல்லி நிறுத்தி வைத்த சிவப்புச் சேலைக் கிழவி, வரிசையாக ஓடும் மாடுகள் என்று ஒரே மாதிரியான படங்கள் பெருகுவதற்கு இதுவே காரணம். உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தச் சண்டை புதியதன்று. 1892இல் லண்டனில், அதே சங்கத்தின் போக்கு பிடிக்காத ஹென்றி பீச் ராபின்சன் முதலியோர் வெளியேறி ‘லிங்க்டு ரிங்’ என்ற தனிக் குழுவை அமைத்தார்கள். நியூயார்க்கில் ஆல்ஃபிரெட் ஸ்டீகிளிட்சின் கதை இன்னும் கசப்பானது. பெர்லினில் பொறியியல் படிக்கச் சென்று, வேதியியல் பேராசிரியர் ஃபோகலிடம் புகைப்படத்தைக் கற்றுத் திரும்பிய அவர், நியூயார்க்கில் நலிந்துகொண்டிருந்த இரண்டு சங்கங்கள் 1896இல் ஒரே கேமரா கிளப்பாக இணைய முன்னின்றார். 1897 முதல் அதன் இதழான ‘கேமரா நோட்ஸ்’ அவர் பொறுப்பில் வெளிவந்து, உலகமே கவனிக்கும் தரத்தை அடைந்தது. தம் படங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று உறுப்பினர்கள் பலர் பொருமினார்கள். 1902இல் அவர் இதழை விட்டு விலகினார். 1908இல் கிளப் அவரை நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்த பின் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆயினும் உடனே தாமாகவே விலகிக்கொண்டார். அதற்குள் அவருக்கென்று சொந்த இதழும் சொந்தக் காட்சிக்கூடமும் உருவாகியிருந்தன.

உங்களுக்கு நான் சொல்வது இது. போட்டிகளுக்குப் படம் கொடுப்பதை ஓராண்டுக்கு நிறுத்திவிடுங்கள், கிளப்பை விடாதீர்கள். மதிப்பெண் போடும் மாலைக்குப் போகாமல், படங்களை மேசையில் பரப்பிப் பேசும் மாலைக்குப் போங்கள். உங்கள் கிளப்பில் அப்படி ஒரு மாலை இல்லையென்றால், அதை நடத்த நீங்களே முன்வாருங்கள். எடுத்தவர் பெயரை மறைத்து, எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு நடத்துங்கள். எடுத்தவருக்கு அந்த இடத்தின் காற்றும் மணமும் நினைவில் இருப்பதால், படத்தில் இல்லாததையும் அவர் படத்தில் காண்கிறார். பிறருக்கு அந்த நினைவு இல்லை. அவர்கள் சட்டத்துக்குள் உள்ளதை மட்டுமே பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை விலைக்கு வாங்க முடியாது. கிளப் ஒன்றுதான் அதை ஆண்டுச் சந்தாவுக்குக் கொடுக்கிறது. உங்கள் ஊரில் சித்திரைத் திருவிழாவை எல்லாரும் தேரையும் எதிர்சேவையையும் வைத்தே எடுக்கிறார்கள். நீங்கள் அடுத்த ஓராண்டில், திருவிழா முடிந்த மறுநாள் தொடங்கி, மாசி வீதிகளில் ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொண்டு இருபது படங்கள் சேருங்கள். அவற்றை அந்த மேசையில் பரப்பி, எந்த ஐந்தை எடுத்துவிடலாம் என்று மட்டும் மற்றவர்களிடம் கேளுங்கள்.